ஒற்றைத் தண்டை

"ஒண்ணே ஒண்ணா? ஜோடி வேண்டாமா?"

காந்தா மறுபடியும் கேட்டாள்.

"ஒண்ணு போதும்மா," என்றான் ராஜவேலு. தறி நெய்கிறவன். மடியிலிருந்து ஒரு குழந்தைத் தண்டையை எடுத்துப் பலகைமேல் வைத்தான். "அச்சு அசல் இதே மாதிரி வேணும். ஆனா புதுசாத் தெரியக் கூடாது. இது எப்படித் தேஞ்சு கறுத்து இருக்குதோ, அப்படியே இருக்கணும்."

காந்தாவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

பெரிய காஞ்சிபுரத்தில் அவள் கடை சின்னதுதான். முன்னறையில் காந்தா ஆர்டர் எடுப்பாள். பின்கட்டுப் பட்டறையில் அவள் புருஷன் பரமசிவம் வெள்ளி தட்டுவான். தொப்புள்கொடி வைத்து மூடிய தாயத்து, பெயர் வெட்டிய குங்குமச் சிமிழ், பிள்ளைக்கு முதல் அரைஞாண் என்று காலத்துக்கும் ஞாபகமாக வைத்துக்கொள்கிற வெள்ளிச் சாமான்கள்தான் அவர்கள் பிழைப்பு. வருகிறவர்கள் எல்லாரும், "பளபளன்னு இருக்கணும்மா" என்பார்கள். பழசாக்கிக் கொடு என்று இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை.

"வீட்டுல சொல்லிட்டு வந்தியாப்பா?"

"ஐயோ, அவளுக்குத் தெரியவே கூடாதும்மா! சீக்கிரம் அளவெடுத்துக்குங்க. அவ வர்றதுக்குள்ள இதைப் பெட்டியில வெச்சிடணும்."

பரமசிவம் அளவெடுத்தான். ராஜவேலு தண்டையை மடியில் செருகிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான்.

"ஏங்க, எனக்கு ஒண்ணும் சரியாப் படலை. ஒரு தண்டையை எங்கியோ குடுத்துட்டு, பொண்டாட்டி கண்ணுல மண்ணத் தூவப் பாக்கறான்."

"எங்க குடுத்திருப்பான்?"

"இன்னொரு வீடு இருக்குதோ என்னமோ. அங்கியும் ஒரு குழந்தை இருக்கும்."

"அதுக்கு ஒத்தைத் தண்டையையா குடுப்பான்?"

அதுதான் காந்தாவுக்கும் விளங்கவில்லை. விளங்காத சங்கதியை மனசுக்குள் வைத்திருக்க அவளால் முடியாது. மறுநாள் பூக்காரி அங்கம்மாளிடம் கொட்டிவிட்டாள்.

தண்டை தயாரானது. பரமசிவம் அவித்த முட்டையின் மஞ்சள் கருவில் போட்டுக் கறுக்க வைத்திருந்தான். ராஜவேலு அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு ஒரு பொட்டலத்தைப் பிரித்து, அதிலிருந்த ஆற்று மணலைத் தண்டையின் இடுக்கில் அழுத்தி அழுத்தித் தேய்த்தான்.

வெளியே எலெக்‌ஷன் ஜீப் ஒன்று கத்திக்கொண்டு போனது. அது தாண்டும்வரை பொறுத்திருந்த காந்தா அதற்குமேல் பொறுக்கவில்லை.

"யாரை ஏமாத்தறதுக்குப்பா இந்த வேலை?"

"என் சம்சாரத்தைத்தாம்மா," என்றான் அவன்.

காந்தா திகைத்துப்போனாள்.

"எங்க பையன் தை மாசம் காய்ச்சல்ல போயிட்டான்மா. அதுக்கு முன்னாடி ஒரு நாள் பாலாத்துல விளையாடறப்ப அவன் தண்டை ஒண்ணு மணல்ல விழுந்துடுச்சாம். அதைத் தேடிக்கினு தினம் செவிலிமேட்டு ஆத்துக்குப் போயிடறா எல்லம்மா. வெயில்ல உக்காந்து மணலை அளைஞ்சுக்கினே இருக்கறா. சோறு தண்ணி கெடையாது. அவ உக்கார்ற எடத்துல இதைப் புதைச்சு வெச்சிட்டா, கெடைச்சிடுச்சுன்னு எழுந்து வந்துடுவா இல்ல?"

அவன் படி இறங்கிய பிறகுதான் காந்தாவுக்கு அங்கம்மாளிடம் சொன்னது நினைவுக்கு வந்து சுருக்கென்றது.

அடுத்த வாரம் மெலிந்த பெண் ஒருத்தி கடைக்கு வந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து இரண்டு தண்டைகளைப் பலகைமேல் வைத்தாள்.

"நான் எல்லம்மா. ராஜவேலு வீடு. இதுல ஒண்ணு நீங்க செஞ்சதுதானேக்கா?"

"யார் சொன்னது?" என்றாள் காந்தா.

"பூக்காரம்மா சொன்னாங்க. உன் புருஷன் வெள்ளிக் கடையில திருட்டுத்தனமாத் தண்டை செய்யறான், கேளுன்னாங்க."

"ஐயோ, என் வாய்தான்மா எல்லாத்துக்கும் காரணம்! உன் வீட்டுக்காரரைத் தப்பா நெனைச்சு உளறிட்டேன். பாவம், அவரு உனக்காக என்ன பாடு பட்டு..."

"தெரியும்கா. அதுக்குத்தான் வந்தேன். இந்தச் சேதி இதோட நிக்கணும். எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியவே கூடாது. கெடைச்சிடுச்சுன்னு நான் கத்தினதும் அந்த மனுஷன் அப்படியே மணல்ல உக்காந்து அழுதாரு. பிள்ளை போன அன்னைக்குக்கூட அழாதவரு. இப்பத்தான் தறியில உக்கார்றாரு. நானும் இனிமே ஆத்துப் பக்கம் போகப் போறதில்லை."

"அங்கம்மா மட்டும் சொல்லாம இருந்திருந்தா, நீயும் நிஜம்னே நம்பி நிம்மதியா இருந்திருப்பே."

"இல்லைக்கா. மணல்லேர்ந்து எடுத்தப்பவே தெரியும்."

காந்தா இரண்டு தண்டைகளையும் எடுத்துப் பார்த்தாள். எது எதுவென்று அவளுக்கே சட்டென்று பிடிபடவில்லை.

"எப்படிம்மா? வேலையில என்ன குறை?"

"குறை ஒண்ணும் இல்லை. அந்தத் தண்டை தொலையவே இல்லைக்கா. அவனைத் துணியில சுத்தறப்ப, யாரும் பாக்காம அதைக் கால்லியே விட்டுட்டேன். பாலாத்தங்கரையிலதான் அவனை அடக்கம் பண்ணியிருக்குது. பொம்பளைங்க அங்க போகக் கூடாதுன்னுட்டாங்க. அவன் பக்கத்துல போய் உக்கார எனக்கு ஒரு சாக்கு வேணும் இல்ல?"