நீல மூடித் தொட்டி

2021 பிப்ரவரி இரண்டாம் வாரம், வடக்கு டகோட்டாவில், கனடா எல்லையை ஒட்டிய ஒரு கோதுமைப் பண்ணையில் ஓர்வில் ஸ்டென்சேத் என்ற விவசாயி மாரடைப்பால் இறந்தார். அன்று இரவு குளிர் பூஜ்யத்துக்குக் கீழே முப்பது டிகிரி. பக்கத்துப் பண்ணையில் இருந்த மகன் டேரலுக்கு அவர் போன் செய்திருந்தார். டேரல் போய்ச் சேரவில்லை. பிக்கப்பில் டீசல் புகையைச் சுத்தமாக்க ஊற்றும் யூரியாத் திரவம் உறைந்து, வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றான்.

ஊர் அதை உடனே நம்பியது. மண் கல்லாக இறுகிக் கிடந்ததால் அடக்கம் வசந்தத்துக்குத் தள்ளிப்போயிருந்தது. அஞ்சலிப் பிரார்த்தனை முடிந்து தேவாலயக் கீழ்த்தளத்தில் சாப்பிட உட்கார்ந்தவர்களுக்குப் பேச்சு முழுக்க அந்தத் திரவத்தைப் பற்றித்தான்.

“டீசலுக்கு ஒரு தொட்டி, யூரியாத் தண்ணிக்கு நீல மூடி போட்டு இன்னொரு தொட்டி. எவன் கேட்டான் இதை?” என்றார் டுவெய்ன் என்ற ஊர்க்காரர், வாயில் பன்னோடு. “புகையைச் சுத்தம் பண்ணுதாம். எங்கப்பா வண்டி கரும்புகை கக்கிக்கிட்டே கடைசி வரைக்கும் ஓடுச்சு.”

“உங்கப்பாவும் அப்படித்தான ஓடினாரு,” என்றாள் அவர் மனைவி வெர்னா. இரண்டு பேர் சிரித்து, உடனே அடக்கிக்கொண்டார்கள்.

வெர்னா டேரலின் கோப்பையில் காபி ஊற்றினாள். “உங்கப்பாவோட நாயாவது உன்கிட்ட இருக்கே. அன்னிக்கு மத்தியானமே ஓர்வில் அதைக் கொண்டாந்து விட்டுட்டுப் போனது நல்லதாப் போச்சு.”

டேரல் கோப்பையை எடுத்துக் குடித்தான்.

“கம்பெனி மேல கேஸ் போடு, டேரல்,” என்றார் டுவெய்ன். “நாங்கெல்லாம் சாட்சிக்கு வர்றோம்.”

“கேஸெல்லாம் வேண்டாங்க.”

“ஏன் வேண்டாம்? அப்பன் உசுரு அவ்வளவு லேசாப் போச்சா?”

டேரலின் அக்கா மார்லிஸ் எழுந்தாள். ஃபார்கோ நகரத்தில் பள்ளிப் பேருந்து ஓட்டுபவள். கோட்டை மாட்டிக்கொண்டு வந்து தம்பியின் தோளைத் தட்டி, வெளியே வரச் சொன்னாள்.

வண்டிகள் நின்ற இடத்தில் காற்று முகத்தை அறுத்தது. டேரலின் பிக்கப்பின் பக்கவாட்டில் டீசல் ஊற்றும் சிறு கதவைத் திறந்து, டீசல் மூடிக்குப் பக்கத்தில் இருந்த நீல மூடியை விரலால் தட்டினாள்.

“எங்க பஸ்ஸுலயும் இதே திரவம்தான்டா. இந்த வாரம் பூரா தினமும் காலையில கல்லா உறைஞ்சு கெடந்துச்சு. ஒருநாள் கூட பஸ் ஸ்டார்ட் ஆகாம நின்னதில்ல.”

டேரல் அந்தச் சிறு கதவை மூடப் பார்த்தான்; அவள் விடவில்லை.

“இது எஞ்சினுக்குள்ள போறதே இல்ல. புகை வெளிய போற குழாய்ல தெளிக்கிறது. அந்தச் சூட்டுல புகையோட நஞ்சை வெறும் காத்தாவும் நீராவியாவும் மாத்திடும், அவ்வளவுதான். உறையும்னு தெரிஞ்சுதான் தொட்டிக்குள்ளயே ஹீட்டர் வெச்சிருக்கான். வண்டி ஓட ஓட அதுபாட்டுக்கு உருகும். தீர்ந்துபோனா வண்டி நத்தை மாதிரி நகரும். உறைஞ்சா ஒண்ணும் பண்ணாது.”

“விடுக்கா.”

“எதை விட? உள்ள அத்தனை பேரும் உனக்காக உருகுறாங்க. குடிச்சிருந்தியா? இந்தக் குளிர்ல எவன் போறதுன்னு இழுத்துப் போத்திட்டுப் படுத்துட்டியா? போன வருஷம் மாதிரி ஆஸ்பத்திரியில சேர்த்து, குழாயைச் சொருகியிருந்தா அந்த மனுஷன் இன்னும் கொஞ்ச காலம் இருந்திருப்பாருடா!”

“தெரியும். போன வருஷம் அந்தக் குழாயோட அவரு பட்ட பாடும் தெரியும்.”

“உண்மையைச் சொல்லு. இல்லன்னா இன்னியோட நீ எனக்குத் தம்பியே இல்ல.”

டேரல் கையுறையால் மூக்கைத் துடைத்துக்கொண்டான். “வண்டி ஸ்டார்ட் ஆச்சு. அப்பா வீட்டுச் சமையலறை வெளிச்சம் தெரியிற வரைக்கும் போனேன். ரோட்டுலயே நிறுத்திட்டு, அது தெரியிற மாதிரி உக்காந்திருந்தேன். ரொம்ப நேரம் கழிச்சுத்தான் ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணேன்.”

மார்லிஸ் அவன் கோட்டின் கழுத்தைப் பிடித்துவிட்டாள். “அவ்வளவு தூரம் போயிட்டு நிறுத்தினியா? பெத்தவரு வாடான்னு கூப்பிட்டும்?”

“அவரு ‘வா’ன்னு சொல்லப் போன் பண்ணலக்கா, ‘வராத’ன்னு சொல்லத்தான் பண்ணாரு.”