விருந்தாளி விளையாட்டு

“ஏண்டி, உனக்கு வாயில்லையா?” என்று வகுப்பில் ஒருத்தி கேட்டதிலிருந்து தெய்வானை பள்ளிக்கூடம் போகவில்லை. மூளையில் இருந்த கட்டியைப் பெரிய ஆஸ்பத்திரியில் எடுத்த பிறகு, எந்த இடத்தில் எதைப் பேசுவது என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. அம்மா மருதாத்தாள் தினமும் அவளோடு விருந்தாளி விளையாட்டு விளையாடிச் சொல்லிக்கொடுத்தாள்.

இன்று அதற்குப் பரீட்சை. ஆஸ்பத்திரியில் அதே மாதிரிக் கட்டிக்காகப் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த சிறுமி ருக்குமணியைப் பார்க்கக் கொல்லங்கோட்டுக்கு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தார்கள்.

“ஊட்டுக்கு ஆராச்சும் வந்தா?”

“வாங்கன்னு சொல்லோணும்.”

“கிளம்பறப்ப?”

“போயிட்டு வரேனுங்க.”

“பேசறப்ப எதைப் பாக்கோணும்?”

“மூஞ்சிய. உன்ற மூக்குத்திய இல்ல.”

மருதாத்தாள் சிரித்துவிட்டாள்.

ருக்குமணி வீட்டு வாசலில் ஆண்கள் சிலர் உட்கார்ந்திருந்தார்கள். இவர்களைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார்கள். தெய்வானை அம்மாவின் சேலையை இழுத்தாள்.

“அம்மா, ஆருமே வாங்கன்னு சொல்லல. இவங்களுக்கும் நாம சொல்லிக் குடுக்கோணுமா?”

மருதாத்தாள் வாசலிலேயே நின்றுவிட்டாள். சாவு விழுந்த வீட்டில்தான் யாரையும் வாங்க என்று சொல்லமாட்டார்கள்.

உள்ளே ருக்குமணியைக் கிடத்தியிருந்தார்கள். கட்டி மறுபடியும் வந்துவிட்டதாம். மருதாத்தாளின் கை தானாக மகளின் தலைக்குப் போனது.

புறப்படும்போது தெய்வானை நேராக ருக்குமணியின் அம்மா முன்னால் போய் நின்று, “போயிட்டு...” என்று ஆரம்பித்தாள். அடுத்து வரவிருந்த ‘வரேன்’ சாவு வீட்டில் சொல்லவே கூடாத சொல். மருதாத்தாள் தடுக்கக் கையை நீட்டினாள்.

அதற்குள் தெய்வானை அந்த முகத்தைப் பார்த்துவிட்டாள். வாயை மூடிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் படியிறங்கிப் போனாள்.