சேர்த்துப் பார்த்தால்

மடுல்சீமைத் தோட்டத்து ஆபீஸின் தகரக் கூரையில் மழை பொரிகிறது. ஆராய்ச்சி அதிகாரி ஞானசீலன் கணக்கு மெஷினின் கைப்பிடியைச் சுற்றுகிறார். பழைய தேயிலை ரகமும் புதிய ரகமும் ஒன்றேதான் என்று வைத்துக்கொண்டு தொடங்குகிற கணக்காம். எங்கள் பதுளைக் கடைத்தெருவில் அந்த நம்பிக்கையோடு ஒரு கடையும் திறக்காது. புதியது மிஞ்சினால் பழைய மலையிலுள்ள செடிகளைப் பிடுங்கிவிடுவார்கள். அந்த மலையில் கொழுந்தெடுக்கும் மரியகொரட்டி, வேலை போய்விடுமோ என்று கூடையோடு வாசலில் நிற்கிறாள். “கொழுந்தோட நீளம் தனியா, எடை தனியா பாத்தப்ப ரெண்டு ரகமும் ஒண்ணுன்னீங்களே ஐயா?” “ஆமாம்மா. நீளத்தையும் எடையையும் சேத்துப் பாத்தா வித்தியாசம் தெரியுதே, புதுசு மிஞ்சுது.” “அப்ப சேத்துப் பாக்காதீங்க.” அவர் சிரிக்கவில்லை. கூடையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. எங்காவது தப்பிருக்காதா என்று, முடிந்த கணக்கை அழித்துவிட்டு, முதலிலிருந்து, கைப்பிடியை மெல்லச் சுற்றுகிறார்.