சிப்புக்கு வைத்த பொட்டு

“எவன்யா சிப்புக்குப் பொட்டு வச்சது?”

பேராசிரியர் சக்கரபாணி போட்ட சத்தத்தில் அந்தப் புதுச்சேரிக் கல்லூரியின் ஒளியியல் ஆய்வகமே அதிர்ந்தது.

முந்தாநாள்தான் ஆயுதபூஜை. லேசருக்குச் சந்தனம், கேமராவுக்குக் குங்குமம், மைக்ராஸ்கோப்புக்கு ஒரு முழம் கதம்பம். அதெல்லாம் போகட்டும். விரல் நகம் அளவே உள்ள சிலிக்கான் சிப்பின் நட்டநடுவிலும் ஒரு பொட்டு!

“நான்தான் சார்” என்றார் ஆய்வக உதவியாளர் அம்மாவாசை. “தட்டாஞ்சாவடி கம்பெனில இருந்தப்போ மெயின் மிஷினுக்குத்தான் மொதல்ல வைப்போம். இங்க எது மெயினுன்னு மேனகாம்மாவக் கேட்டேன். இதான்னு காட்டுனாங்க.”

ஆராய்ச்சி மாணவி மேனகா தலையைக் குனிந்துகொண்டாள்.

“தொடைச்சிரட்டுமா சார்?”

“தொட்டா கையை ஒடிப்பேன்! உள்ள கண்ணுக்குத் தெரியாத ஓட்டை ஆயிரக்கணக்குல இருக்கு. தேய்ச்சா மொத்தமும் அடைஞ்சிரும்.”

வேறு சிப் கிடையாது. ஆராய்ச்சிக்குப் பணம் தரும் கமிட்டியோ ஈ.சி.ஆர். சாலையில் வந்துகொண்டிருந்தது. சிப்பில் ஒளி ஓடுவதைப் பார்த்தால்தான் திட்டத்தை நீட்டிப்பார்கள்.

“கமிட்டி போனதும் நீயும் முதலியார்பேட்டை வீட்டுக்குக் கெளம்பிடு. நாளையிலேர்ந்து வர வேணாம்.”

அம்மாவாசை நிரந்தர ஊழியர் இல்லை. சார் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். “பொண்ணு இப்பதான் காலேஜி சேந்திருக்கு சார்” என்றார். பாவமாக இருந்தது. சார் காதில் மட்டும் விழவில்லை.

சக்கரபாணி மேனகாவைத் தனியே அழைத்தார்.

“போன மாசம் சிப்புல ஒளி ஓடுனப்போ எடுத்த வீடியோ இருக்குல்ல? ஸ்க்ரீன்ல அத ஓடவிடு. லைவ்னு நான் சொல்லிக்கிறேன்.”

“சார், அது தப்பில்லையா?”

“உனக்கு பி.எச்டி. வேணுமா, வேணாமா?”

கமிட்டி வந்தது. தலைவர் நிர்மலா முன்னால் சக்கரபாணி பொளந்து கட்டினார்.

“சாதாரண சிப்புல, வழியில சின்னக் குறை இருந்தாலும் ஒளி முட்டிக்கிட்டுத் திரும்பிரும் மேடம். நாங்க ஓட்டைங்கள அடுக்கியிருக்கிற தினுசே வேற. டோப்பாலஜி! குறை இருந்தா சுத்திக்கிட்டுப் போவும். திரும்பற பேச்சே கெடையாது.”

திரையில் ஒரு வெள்ளைக் கோடு மூலைக்கு மூலை வளைந்து மறுமுனைக்கு வந்து சேர்ந்தது.

நிர்மலா திரையை விட்டுவிட்டுச் சிப்பையே குனிந்து பார்த்தார். “இது என்ன, செவப்பா?”

சக்கரபாணி அசரவே இல்லை. “நாங்களே வேணும்னு வச்ச தடை மேடம்.”

“அட! எங்க, லேசர அணைங்க பாப்போம்.”

இப்போது சக்கரபாணிக்கு வியர்த்துவிட்டது. மேனகா லேசரை அணைத்தாள். திரை இருண்டது. போட்டாள். கோடு திரும்ப வந்தது.

நிர்மலா கைதட்டினார். திட்டம் நீட்டிப்பு என்று வாயாலேயே சொல்லிவிட்டு, பீச் பக்கம் சாப்பிடக் கிளம்பினார்.

கார் கேட்டைத் தாண்டியதும் சக்கரபாணி வாயெல்லாம் பல்லாக வந்தார்.

“கெட்டிக்காரி! லேசர அணைச்ச அதே நொடில வீடியோவையும் நிறுத்துன பாரு, எனக்கே லைவ் மாதிரி இருந்துச்சி. சரி, அந்த அம்மாவாசைய அனுப்பிடு.”

“எப்படி சார் அனுப்பறது? நீங்க கார் கூப்பிடப் போனப்போ, தடைய வச்சது யாருன்னு மேடம் கேட்டாங்க. அவர் பேரச் சொல்லிட்டேன். அடுத்த தடவ வரும்போது அவரப் பாக்கணுமாம்.”

“நான் சும்மா அடிச்சுவிட்டேன்மா! குங்குமம் அப்பின சிப்புல ஒளி எங்க போவப் போவுது?”

“போச்சே சார். கொஞ்சம் மங்கலா, ஆனா போச்சு. நான் வீடியோவே போடல.”

சக்கரபாணிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“வீடியோ போடலியா? எந்த தைரியத்துல லேசரப் போட்ட நீ?”

“நீங்க கிளாஸ்ல நடத்துனத நம்பித்தான் சார்.”