கழுத்துப்பிடி

செய்து காட்டச் சொன்னார் இன்ஸ்பெக்டர் அம்மா.

பஞ்சு எழுந்திருக்கவே இல்லை. ஜூடோ விரிப்பின் ஓரத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முந்தாநாள் காலை இதே விரிப்பில்தான் அவனுடைய அக்காள் கணவன் மூச்சில்லாமல் கிடந்தான்.

“என் கழுத்தையே பிடிக்கட்டும்” என்று மாஸ்டர் முன்வந்தார். வேறு யார் கழுத்தைக் கொடுப்பது?

ஜூடோ வகுப்பில் எல்லோருக்கும் பட்டப்பெயர் வைப்பது மாஸ்டரின் வழக்கம். பெயரை மறந்தாலும் குணம் மறக்காது என்பார். பல் டாக்டர் ஒருவர் வாய் ஓயாமல் பேசுவார், அவருக்கு ரேடியோ. ஆறடி உயர லாரி டிரைவர் ஒருவர் லேசாக அடிபட்டாலே கண் கலங்குவார், அவருக்குத் தொட்டாச்சிணுங்கி. உம் என்றால் வெடிக்கிற இந்த அக்காள் கணவனுக்குப் பட்டாசு. கொசுவைக்கூட அடிக்காமல் விரட்டிவிடுகிற அவன் மைத்துனனுக்குப் பஞ்சு.

குணத்துக்குத் தக்கபடிதான் பாடமும். ரேடியோ வாயைத் திறக்கும் நேரம் பார்த்துத் தூக்கிப் போட வேண்டும். தொட்டாச்சிணுங்கிக்கு முதுகைத் தடவிக்கொடுக்க வேண்டும். பட்டாசைப் பஞ்சோடு ஜோடி சேர்த்தால், இவன் நிதானத்தைப் பார்த்தாவது அவன் அடங்குவான் என்று மாஸ்டர் கணக்குப் போட்டிருந்தார்.

எல்லோருக்கும் பொதுவானது ஒன்றே ஒன்று. கழுத்துப்பிடி தாங்க முடியாவிட்டால் பிடித்தவன் கையில் தட்ட வேண்டும். தட்டினால், பிடித்தவன் அந்த நொடியே விட்டுவிட வேண்டும். அதில் பேச்சுக்கே இடமில்லை.

பட்டாசு தட்டவே மாட்டான். முகம் கத்தரிக்காய் நிறத்துக்குப் போனாலும் ரோஷம் விடாது. “தட்டாமலே ஒரு நாள் போய்ச் சேரப் போறே” என்று வகுப்பு முழுக்கக் கேட்கும்படி மாஸ்டர் திட்டியிருக்கிறார்.

அந்தத் திட்டுதான் இப்போது சாட்சியாக வந்து நின்றது. ரேடியோ அதைப் போலீசிடம் வரி விடாமல் ஒப்பித்துவிட்டார். “வகுப்பு தொடங்கும் முன்னால் நாங்கள் இரண்டு பேர் மட்டும் பழகிக்கொண்டிருந்தோம், மாமா தட்டவில்லை, மயங்கியது எனக்குத் தெரியவில்லை” என்று பஞ்சு சொன்னதும் அதோடு கச்சிதமாக ஒட்டிப்போனது.

இன்ஸ்பெக்டர் அம்மாவுக்கு ஒரே ஒரு சந்தேகம் மிச்சம். மாஸ்டர் சொல்வதை வைத்துத்தான் இது விபத்தா கொலையா என்று முடிவாகும்.

மாஸ்டருக்கு இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை.

வாசலில், கழற்றிப் போட்ட செருப்புகளுக்குப் பக்கத்தில், பஞ்சுவின் அக்கா நின்றிருந்தாள். கழுத்தைச் சுற்றிச் சால்வை. புழுக்கத்தில் எல்லோருக்கும் வியர்த்து ஊற்ற, அவள் மட்டும் அதைத் தளர்த்தவில்லை.

மாஸ்டர் விரிப்பில் உட்கார்ந்தார். பஞ்சு பின்னால் வந்து மண்டியிட்டான். கை கழுத்தைச் சுற்றி வந்து அமர்ந்தது. குறை சொல்ல முடியாத பிடி.

இறுகியது. கண்ணில் பூச்சி பறந்தது.

மாஸ்டர் தட்டவில்லை. வேண்டுமென்றே உடம்பைத் துவளவிட்டார்.

மறுகணமே கை விட்டது. யோசித்து விட்ட கை அல்ல, பழகிப்போன கை. துவண்ட உடம்பின் பாரம் தன் மேல் விழுந்தால் தூக்கத்தில்கூடப் பஞ்சுவுக்குத் தெரிந்துவிடும்.

அப்படியானால் பட்டாசு மயங்கியதும் அவனுக்குத் தெரிந்தேதான் இருந்திருக்கிறது.

மாஸ்டர் கண்டுபிடித்துவிட்டார் என்பது பஞ்சுவுக்கும் புரிந்துவிட்டது. கழுத்தை விட்ட கை, விழாமல் தாங்குவதுபோல் தோளைப் பிடித்துக்கொண்டது. அவன் வாய் காதருகே வந்தது.

“அக்காவும் தட்டுச்சு மாஸ்டர். தட்டினா விட்டுடுவாங்கன்னு நான்தான் சொல்லிக் குடுத்திருந்தேன். மாமா விடல.”

ஜன்னலோரம் நின்ற இன்ஸ்பெக்டர் அம்மாவுக்கு பஞ்சுவின் முதுகுதான் தெரிந்தது. மாஸ்டர் தட்டியதால் விட்டான் என்றே நினைத்திருப்பார். மாஸ்டருக்கு வந்த இருமலில் பேச்சும் அவருக்குக் கேட்கவில்லை.

மாஸ்டர் வாசலைப் பார்த்தார். அவள் சால்வையை இன்னும் மேலே இழுத்துக்கொண்டாள்.

பாவி. இங்கே கற்றுக்கொண்டதை வீட்டில் போய்ப் பெண்டாட்டி கழுத்திலா காட்டினான்? செத்தவன் மேல் அவருக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. உயிரோடு இருந்தால் தாமே நாலு அறை விட்டிருப்பார்.

அதற்குப் பிறகுதான் அந்த ‘வும்’ உறைத்தது.

அக்கா தட்டுச்சு என்று பஞ்சு சொல்லவில்லை. அக்காவும் என்றான்.

அப்படியென்றால் பட்டாசு தட்டியிருக்கிறான். ஆயுசில் முதல் தடவையாக. ரோஷத்தையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு, இந்த விரிப்பில் கிடந்து, கொசுவைக்கூட அடிக்காத கையைத் தட்டித் தட்டி உயிருக்குக் கெஞ்சியிருக்கிறான்.

“உசிர் போகுதுன்னா எப்பேர்ப்பட்ட ஆளும் தட்டியிருப்பானே, மாஸ்டர்?” என்று கேட்டார் இன்ஸ்பெக்டர் அம்மா. அவருடைய சந்தேகம் அதுதான்.

மாஸ்டர் மெதுவாக எழுந்து உடையைச் சரிசெய்துகொண்டார். பஞ்சு தலை குனிந்தபடி மண்டியிட்டே இருந்தான்.

“அவன் தட்டுற ஆளே இல்ல மேடம்” என்றார்.