ஓடையைத் தாண்டிய பந்து

மகாராஜன் அடித்த பந்து மூன்றாவது தடவையும் ஓடைக்குள் விழுந்தது. காலையில் காப்பி குடிக்காமலே எனக்கு வயிறு குளிர்ந்துவிட்டது.

போடிமெட்டுக்கு மேலே ஓர் எஸ்டேட் கிளப்பு. அதன் கோல்ப் மைதானத்தில் முப்பத்தோரு வருஷமாகப் புல் வெட்டுகிறேன், பந்து பொறுக்குகிறேன். வேலையாட்கள் மட்டையைத் துடைக்கலாம். பந்தை அடிக்கக் கூடாது.

மகாராஜன் புது மெம்பர். போடியில் ஏலக்காய் வியாபாரி. நூற்றுப் பத்துக் கிலோ இருப்பான். சர்க்கரைக்கு நடக்கச் சொன்னார் டாக்டர் என்று, ஐம்பத்தெட்டு வயதில் கோல்ப் படிக்க வந்திருக்கிறான். நடப்பதற்குப் போடியில் ரோடா இல்லை?

தேவாரம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாவது வரை அவனும் நானும் ஒரே பெஞ்சு. பிறகு போடியில் ஒரே கடையில் ஏலக்காய் மூட்டை சுமந்தோம். காயைக் கையில் அள்ளித் தரம் பார்க்க ஓர் ஆள் வேண்டுமென்று, ஒருநாள் கடை முதலாளி அவனை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். அவனைவிட எனக்குக் காய் நன்றாகத் தெரியும். அன்று உள்ளே போனவன் இன்று சொந்த ஜீப்பில் வருகிறான். வெளியே நின்ற நான் இங்கே புல் வெட்டுகிறேன்.

அவன் என்னை இன்னும் மாப்ளே என்றுதான் கூப்பிடுகிறான். நான் வேண்டுமென்றே முதலாளி என்பேன்.

கிளப்பில் கோச்சு வேலை காலியாக இருந்தது. புதிதாக வருகிறவர்களுக்கு மட்டை பிடிக்கச் சொல்லித் தரும் வேலை. இரண்டு தடவை கேட்டுவிட்டேன். எட்டாவதாவது பாஸ் பண்ணியிருக்க வேண்டும் என்று செகரட்டரி சொல்லிவிட்டார். மகாராஜன் சேர்ந்த மறுநாள் ஆபீசில் அவரோடு பேசிக்கொண்டிருந்தான். கோச்சு வேலை என்று என் காதில் விழுந்தது. தனக்கு வேண்டியவன் எவனையோ கொண்டுவரப் போகிறான் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு வரவேண்டியதை எடுப்பது அவனுக்குப் புதிதா என்ன?

அந்த ஞாயிற்றுக்கிழமை புது மெம்பர்களுக்குப் போட்டி. இரும்பு மட்டையால் பந்தை ஓடைக்கு அந்தப் பக்கம் அனுப்ப வேண்டும். மூன்றாவது பந்தும் முழுகியதும் அவன் என்னிடம் வந்தான்.

"மாப்ளே, நீ முப்பது வருஷமாப் பாக்குற ஆளு. எனக்கு எங்க தப்புது?"

எங்கே தப்புகிறது என்று எனக்குத் தெரியும். கனத்த உடம்புக்காரன் காலை ஒட்டி வைத்து, கையைத் தலைக்கு மேலே தூக்கினால் இடுப்பு திரும்பாது. மட்டை பந்தைத் தொடுமுன் மண்ணைக் கொத்தும். காலை அகட்டி, பாதத்தைக் கொஞ்சம் வெளியே திருப்பி, மட்டையைத் தோளோடு நிறுத்த வேண்டும். மீதியை இடுப்பு பார்த்துக்கொள்ளும்.

"காலை இன்னும் ஒட்டி வைங்க முதலாளி. வயித்தை நல்லா எக்குங்க. கையி தலைக்கு மேல போகணும்," என்றேன்.

சொன்னபடியே செய்தான். மூன்றாம் நாள் அவன் பக்கத்தில் போனால் தைல வாசம் அடித்தது. நான்காம் நாள் மட்டையையே தொடவில்லை. நான் புல் வெட்டிக்கொண்டு போக, செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி பின்னாலேயே வந்தான். என்ன என்று கேட்டேன். சும்மா ஒரு சோலியாத்தான் என்றான். புல் சரியில்லை என்று படம் எடுத்துக் காட்டி என் சீட்டைக் கிழிக்கப் பார்க்கிறான் என்று, அந்த வாரம் பூராவும் ஒழுங்காக வெட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மகாராஜன் வந்து நின்றான். காலை அகட்டினான். பாதத்தை வெளியே திருப்பினான். எனக்குப் பகீரென்றது. மட்டை தோளோடு நின்றது, இடுப்பு திரும்பியது. பந்து ஓடையைத் தாண்டிப் போய், அந்தப் பக்கத்துப் புல்லில் உருண்டு நின்றது.

எல்லோரும் கை தட்டினார்கள். என் கையில் அவன் மட்டைப் பை இருந்தது. நல்லவேளை, தட்ட வேண்டியிருக்கவில்லை.

யார் சொல்லிக் கொடுத்தது என்று செகரட்டரி கேட்டார்.

"நம்ம ராக்கையாதான்," என்று என்னைக் கை காட்டினான்.

செகரட்டரி சிரித்தார். "அவரு புல்லு வெட்டுற ஆளில்லையா?"

"அதைப் பாத்துத்தான் சார் படிச்சேன்."

செல்போனை எல்லோருக்கும் காட்டினான். அதில் நான். நுனி வளைந்த நீளக் கத்தியை வீசி வீசிப் புல் வெட்டுகிறேன். கால் அகன்றிருக்கிறது. கத்தி தோள் உயரம் போய், ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் இறங்குகிறது. என் வயிறு அவன் வயிற்றைவிட ஒரு சுற்றுப் பெரிது. இத்தனை நாள் எனக்கே அது தெரியவில்லை.

"நான் ஓடையைத் தாண்டிட்டா, சொல்லிக் கொடுத்த ஆளுக்குக் கோச்சு வேலைன்னு ஒத்துக்கிட்டீங்க சார். எட்டாவது கேக்கக் கூடாதுன்னு அன்னைக்கே பேசினோம்," என்றான் மகாராஜன்.

செகரட்டரி இன்னொரு தடவை படத்தைப் பார்த்தார். பிறகு அந்த இரும்பு மட்டையை வாங்கி என்னிடம் நீட்டினார். துடைப்பதற்கு இல்லை, அடித்துக் காட்டச் சொன்னார். வாங்கிக்கொண்டேன்.

மகாராஜன் என் கையிலிருந்த பையைத் தானே எடுத்துக்கொண்டான். தன் இடுப்பில் ஒரு கையை வைத்தபடி என் காதருகே குனிந்தான்.

"எனக்குச் சொன்ன மாதிரி மட்டும் இனிமே வர்றவங்களுக்குச் சொல்லிராத, மாப்ளே. இடுப்பு போயிரும்."