போ காட்டா!

"திருடன் வெளியே இல்லை, ஷிபராம் பாபு. நம் ஆபீசுக்குள்ளேயே இருக்கிறான்" என்றார் முதலாளி கோஷால். "ஐந்து மணிக்குள் அவன் பெயர் என் மேஜைக்கு வர வேண்டும். வராவிட்டால் உங்கள் பெயரை எழுதிக்கொள்வேன்."

வங்காளி வாயில் ஷிபராம் ஆகிவிட்ட சிவராமகிருஷ்ணன் தலையை ஆட்டினார். ஸ்வர்ணதூலி விளம்பரக் கம்பெனியின் பதினாறு வருஷ மேனேஜர் வேலையில் அவர் நன்றாகப் பழகியிருந்த ஒரே கலை அதுதான்.

ஒரே மாதத்தில் பீரோவிலிருந்து ஆறு விளம்பரப் படங்கள் மாயமாகியிருந்தன. நாளை மறுநாள் சோப்புக் கம்பெனிக்காரர்கள் துர்கா பூஜை விளம்பரத்தைப் பார்க்க வருகிறார்கள். எதிர்ச்சாரியில் இருக்கும் போட்டிக்காரர் பானர்ஜியின் கம்பெனிக்கு அதன் வாடை போனால் போதும், கான்ட்ராக்ட் அம்பேல்!

ஆனால் எந்த வழியாகப் போகும்? வாசலில் தர்வான் ஒவ்வொரு பையையும் கவிழ்த்துப் பார்த்துவிட்டுத்தான் ஆளை விடுவான். பியூன் முதல் மேனேஜர் வரை விதிவிலக்கே கிடையாது. சிவராமகிருஷ்ணனின் டிபன் கேரியரைக்கூடத் திறந்து, ரசத்தைச் சந்தேகமாக முகர்ந்து பார்ப்பான்.

சிகரெட் அட்டையில் கிறுக்கினாலும் அது கம்பெனி சொத்து என்பது கோஷாலின் சட்டம். டெலிபோனுக்குப் பூட்டு. டீக்கு ரிஜிஸ்டர். யார் படம் வரைந்தாலும் கீழே கையெழுத்து முதலாளியின் மைத்துனருடையது. அந்த மகானுக்கு ஸ்கேலைக் கையில் கொடுத்தாலும் கோடு நேராக வராது.

அன்று விஸ்வகர்மா பூஜை. பிரஷ், மைக்கூடு, டைப்ரைட்டர் எல்லாம் நெற்றியில் குங்குமத்தோடு சாமி முன்னால் உட்கார்ந்திருந்தன. இன்று அவற்றைத் தொடக்கூடாது. ஆகவே கல்கத்தா முழுவதையும் போல ஆபீசும் மொட்டை மாடியில் பட்டம் விட்டுக்கொண்டிருந்தது.

சிவராமகிருஷ்ணன் படியேறினார்.

"போ காட்டா!" என்று கூச்சல் எழுந்தது. அடுத்தவன் நூலை அறுத்துவிட்டால் போடுகிற வெற்றிக் கூச்சல். ஆனால் அறுந்தது ஆர்ட்டிஸ்ட் வாஞ்சிநாதனின் பட்டம். அதன் பக்கத்தில் வேறு பட்டமே இல்லை!

அறுபட்டவன் முகம் தொங்கவில்லை, சிரித்தான்.

பட்டம் எதிர்ச்சாரி மாடியில் இறங்கியது. அதை ஓடிவந்து எடுத்த பெண்ணைப் பார்த்ததும் சிவராமகிருஷ்ணனின் கண்கள் சுருங்கின. தமயந்தி! இங்கே விளம்பர வாசகம் எழுதிக்கொண்டிருந்தவள். இரண்டு மாதம் முன்பு ராஜினாமா செய்துவிட்டு பானர்ஜியிடம் போனவள்.

கீழே கிச்சடி பரிமாறுவதாகக் குரல் வந்தது. மாடி காலியானது. அடுத்த பட்டத்தை எடுத்த வாஞ்சிநாதனின் கையைச் சிவராமகிருஷ்ணன் பிடித்தார்.

பட்டத்தைத் திருப்பினார். பின்பக்கம் மெல்லிய தாளில் ஒரு படம்!

"லேக் மார்க்கெட்ல ஒரே தெருவுல இருக்கோம். நீயாடா வாஞ்சி?"

"முழுசாப் பாருங்கோ சார். சோப்பு இல்லை, போன வருஷத்து ஹேர் ஆயில். தேறாதுன்னு மைத்துனர் சிவப்பு மையால கிறுக்கியிருக்கார், பாருங்கோ."

படத்துக்குக் கீழே பானர்ஜிக்கு ஒரு வேலை விண்ணப்பம்.

"சாம்பிள் காட்டாம எவன் சார் வேலை குடுப்பான்? பையில கொண்டு போனா தர்வான் பிடுங்கறான்."

"மீதி அஞ்சு?"

"எங்க டிபார்ட்மெண்ட்ல மொத்தம் ஆறு பேர் சார். ஆளுக்கு ஒண்ணு. அஞ்சும் இன்னிக்கு ஒண்ணொண்ணாப் பறந்தாச்சு. என்னோடதைக் கடைசியா வெச்சிருந்தேன்." குரல் இறங்கியது. "போலீஸ் கீலீஸ்னு போயிடாதீங்கோ."

சிவராமகிருஷ்ணன் பாக்கெட் நோட்டையும் பென்சிலையும் எடுத்தார்.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. காத்து அந்தப் பக்கம் எப்போ அடிக்கும்?"

"மூணு மணிக்கு மேல."

"தமயந்தி எதுவரைக்கும் மாடியில இருப்பா?"

"அஞ்சரை."

"நூலை எப்படி அறுக்கறே?"

"அவ மாடிக்கு மேல தாழ இறக்கிட்டு, சட்டுனு ஒரு வெட்டு இழுப்பு."

"செஞ்சு காட்டு."

"இந்தப் பட்டத்தை வெச்சேவா சார்?"

"நான் கண்ணால பார்க்க வேண்டாமா?"

வாஞ்சிநாதன் நூலை விட்டான். பட்டம் ஏறியது, தாழ்ந்தது, அறுந்தது. தமயந்தி எடுத்துக்கொண்டாள். சிவராமகிருஷ்ணன் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டார்.

"நூல் கண்டை வெச்சுட்டுக் கீழே போ. யார்கிட்டேயும் மூச்சு விடப்படாது."

வாஞ்சிநாதனுக்கு அன்று கிச்சடி இறங்கவில்லை.

நாலரை மணிக்குச் சிவராமகிருஷ்ணன் முதலாளி முன்னால் நின்றார்.

"சோப்பு விளம்பரம் பத்திரமாக இருக்கிறது சார். நடந்ததெல்லாம் தெரிந்துவிட்டது. பெயர்தானே வேண்டும்? அவசரப்பட வேண்டாம். இந்த ஆபீசுக்கு லாயக்கில்லாத ஆள் ஒருவன் இருக்கிறான். அடுத்த மாதம் அவன் முகத்தை நீங்கள் இங்கே பார்க்க மாட்டீர்கள். நான் உத்தரவாதம்."

"சபாஷ், ஷிபராம் பாபு!" கோஷாலுக்கு வாயெல்லாம் பல். ரிஜிஸ்டரில் எழுதாமலே அவருக்கு ஒரு டீ வரவழைத்தார்.

ஐந்தரை மணிக்குத் தமயந்தி வீட்டுக்குக் கிளம்பும்போது, கடைசியாக ஒரு பட்டம் கோணல்மாணலாக வந்து பானர்ஜியின் தண்ணீர்த் தொட்டிமேல் குத்திக்கொண்டு நின்றது. பின்பக்கம் படம் இல்லை. டைப்ரைட்டர் சாமி முன்னால் இருந்ததால் பென்சிலால் எழுதிய விண்ணப்பம்: மேனேஜர் வேலைக்கு, பதினாறு வருஷ அனுபவம்.

'இப்போதைய வேலையை விடக் காரணம்' என்ற இடத்தில் இப்படி எழுதியிருந்தது: 'இங்கே ஆபீஸ் நேரத்தில் எல்லாரும் பட்டம் விடுகிறார்கள்.'